பெட்ரோல் பங்க்கும் ஒரு வரலாற்றுச் சான்றே

வரலாற்றுச் சின்னம் எது என்று கேட்டால், மாணவர்கள் கோயில், கோட்டை, கல்வெட்டு என்று அடுக்குவார்கள். அரசர் யாரும் கட்டாத, நூறாண்டுகூட நிறையாத ஒரு சாலையோரக் கட்டடம் சின்னமாக முடியுமா? சமூக அறிவியல் வகுப்பில் இக்கேள்வி எழும்போது, நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது அமெரிக்காவின் ஓடெல் என்னும் சிற்றூரில் உள்ள பழைய பெட்ரோல் பங்க்.

சிகாகோவிலிருந்து கலிபோர்னியா கடற்கரை வரை எட்டு மாநிலங்களைக் கடந்து சென்றது 'ரூட் 66' நெடுஞ்சாலை. 1926இல் உருவான அதன் நீளம் ஏறத்தாழ 3,900 கி.மீ. வழியில் இருந்த ஊர்களின் நடுவே அது சென்றதால், உணவகம், விடுதி, பழுதுபார்க்கும் கடை என்று பல குடும்பங்கள் சாலையை நம்பியே பிழைத்தன. இல்லினாய் மாநிலத்திலுள்ள ஓடெலில் பாட்ரிக் ஓ'டானல் என்பவர் 1932இல் ஒரு பெட்ரோல் பங்க்கைக் கட்டினார்.

அந்தக் கட்டடத்தை ஓர் ஆவணம்போலப் படிக்கலாம். அது சாய்கூரையுடன் சிறு வீடுபோல இருக்கும். குடியிருப்புகளின் நடுவே உறுத்தாமல் இருக்கவும், வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தரவும் எண்ணெய் நிறுவனங்கள் அக்காலத்தில் இவ்வடிவத்தை விரும்பின. பக்கத்தில் ஒட்டி நிற்கும் பழுதுபார்க்கும் கூடம் 1940களில் சேர்க்கப்பட்டது. அதே சாலையில் வேறு பல பங்க்குகள் போட்டியிட்டதால், பெட்ரோல் விற்பனை மட்டும் போதவில்லை என்பதை அக்கூடம் சொல்கிறது. ஊருக்குள் வாகனங்கள் எவ்வளவு பெருகின என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு: பிள்ளைகள் பத்திரமாகச் சாலையைக் கடக்க 1937இல் அங்கே சுரங்க நடைபாதை அமைக்கப்பட்டது.

பின்னர் ஊருக்கு வெளியே பைபாஸ் வந்தது. வாகனங்கள் அதன் வழியே போயின. 1960களில் பெட்ரோல் விற்பனை நின்றது. சில காலம் வாகனப் பட்டறையாக இருந்து, 1970களில் கட்டடம் மூடப்பட்டுச் சிதையத் தொடங்கியது. 1985இல் ரூட் 66 என்ற பெயரே அதிகாரப்பூர்வ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

1997இல் இந்தப் பங்க் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்தால் மட்டும் கட்டடம் பிழைத்துவிடாது. 1999இல் ஊர் நிர்வாகம் அதை விலைக்கு வாங்கியது. தன்னார்வலர்கள், ரூட் 66 ஆர்வலர் சங்கம், தேசியப் பூங்காத் துறை எனப் பலரும் கைகோத்துச் சீரமைத்தனர். முதலில் அங்கே விற்ற 'ஸ்டாண்டர்ட் ஆயில்' நிறுவனத்தின் கால அடையாளம் மீட்கப்பட்டது. ஆனால் பின்னாளில் சேர்த்த கூடத்தை இடித்துவிடவில்லை. இடித்திருந்தால் போட்டியின் கதை அழிந்திருக்கும். இப்போது அங்கே பெட்ரோல் கிடைக்காது. பயணிகளை வரவேற்கும் மையமாக அது இயங்குகிறது.

மாணவர்களை உள்ளூர்க் கட்டடம் ஒன்றை ஆராயச் செய்யும்போது, இந்த எடுத்துக்காட்டிலிருந்து ஐந்து கேள்விகளைத் தரலாம்:

1. இக்கட்டடம் ஏன் இந்த இடத்தில் எழுந்தது?
2. இதன் வடிவத்துக்கு என்ன காரணம்?
3. எந்தப் பகுதி பிற்காலத்தில் சேர்ந்தது? ஏன்?
4. பயன்பாடு எதனால் நின்றது?
5. காப்பாற்றினால் இனி எதற்குப் பயன்படும்? பராமரிப்பு யார் பொறுப்பு?

பழைய தபால் நிலையம், அரிசி ஆலை, பேருந்து நிழற்குடை என எதையும் எடுத்துக்கொள்ளலாம். பைபாஸ் வந்தபின் பழைய சாலைக் கடைகளுக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னால், புவியியலும் பொருளியலும் ஒரே பாடத்தில் இணையும். ஐந்தாவது கேள்விக்கு ஒரே விடை இல்லாததால், அதைக் குழு விவாதத்துக்கு விடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்குக்குள் மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். நிலத்தடித் தொட்டிகளில் தீப்பற்றும் ஆவி தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து படம் வரைவதும் உரிமையாளரிடம் பேசிக் குறிப்பெடுப்பதுமே போதுமானது.