அம்மாவும் ஆமையும்

மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கும் ஆண்கள் இரண்டு வகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் ஒரு வகை. பால் வாங்கி வரச் சொல்லி எழுப்பப்பட்டவர்கள் இன்னொரு வகை. போன மார்கழியில் நான் மூன்றாவதாக ஒரு வகையைத் தொடங்கி வைத்தேன். குல்லாய் போட்டுக்கொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து கோலத்துக்கு புரோகிராம் எழுதும் வகை. எனக்குத் தெரிந்து தஞ்சாவூரில் இந்தச் சங்கத்துக்கு ஒரே ஓர் உறுப்பினர்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் முழங்கால்.

அம்மா திருவையாறு பக்கத்துக் கிராமத்துக்காரி. அங்கே எங்கள் வீட்டு வாசல் பன்னிரண்டடி அகலம். சாணம் தெளித்து, நனைந்த தரையில் புள்ளி வைத்து, அம்மா குனிந்தால் நிமிர முக்கால் மணி நேரமாகும். அரிசி மாவுக்கு எறும்பு வரும், எறும்பைத் தேடிக் குருவி வரும், கோலத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். இப்போது மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். வாசல் என்று பெயருக்கு நாலடிக்கு மூன்றடி டைல்ஸ். போதாக்குறைக்கு டாக்டரும் சொல்லிவிட்டார்: "இனிமே தரையில உக்காரவே கூடாதும்மா."

எதிர் ஃப்ளாட் அக்கா பரிதாபப்பட்டு ஒரு கோல ஸ்டிக்கர் கொடுத்தார். ஒட்டினேன். அம்மா இரண்டு நாள் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"இது யாருடா போட்டது?"

"மெஷின்மா. ஃபேக்டரியில அடிக்கிறாங்க."

"அப்ப அவங்க வாசல்ல ஒட்டிக்கச் சொல்லு."

ஸ்டிக்கர் அன்றே கிழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டறியே, அதுல கோலம் வராதா?" என்றாள்.

நான் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். சென்னையில் நல்ல வேலை கிடைக்கும் என்ற நப்பாசையில் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியை ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. சரி, கோலமாவது கிடைக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் உண்டு. வாரப் பத்திரிகைகளில் வந்த கோலங்களைப் பார்த்துப் பென்சிலால் போட்டு வைத்தது. முக்கால்வாசி அழிந்துவிட்டது. ஆனால் தலைப்பில் எழுதியிருந்தது மட்டும் தெளிவாக இருந்தது: "15-லிருந்து 8 வரை, சந்துப் புள்ளி."

என் தலையில் பல்பு எரிந்தது அப்போதுதான். நடு வரிசையில் 15 புள்ளி. மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-ல் நிறுத்து. ஒரு வரிசைப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுச்சந்தில் அடுத்த வரிசை. மொத்தம் 169 புள்ளிகள். (சந்தேகமிருந்தால் கூட்டிப் பாருங்கள். ஆபீஸ் கால்குலேட்டர் வேறு எதற்கு இருக்கிறது?) 169 புள்ளிகளையும் ஒரே வரியில் மடித்து வைத்துவிட்டார்கள் நம் பெண்கள். எங்கே தொடங்குவது, எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற இதற்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் அல்காரிதம் என்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித மேதையின் பெயரிலிருந்து வந்த சொல்.

ஆகா, உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று இரண்டு நாள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் தெரிந்தது, எனக்கு முன்னால் வந்தவர்கள் வரிசை ரொம்ப நீளம்.

தாம்பரத்தில் ஓர் இலக்கணம்

வரிசையின் முன்னால் நிற்பது தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இவர்கள் இருவரும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வெளிவந்தது கம்ப்யூட்டர் படங்களுக்கான ஒரு சர்வதேச ஆய்விதழில்! நம்மில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது.

அவர்கள் செய்தது என்ன? எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கிறதல்லவா? ஒரு சில விதிகளை வைத்துக்கொண்டு எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் பேசுகிறோம். அதே மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டினார்கள். ஒரு சின்னக் கோலம், அதை வளர்க்க ஒரு விதி. விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலத்தின் குடும்பமே வந்து நிற்கும்.

ஓர் உதாரணம். கிருஷ்ணனின் கால் கொலுசு என்று பொருள்படும் பெயரில் ஒரு கோலத்தை ஆராய்ச்சிக்காரர்கள் குறிப்பிடுகிறார்கள். அதன் விதி ஒரே வரி: ஒரு வளைவு இருக்குமிடத்தில் நாலு வளைவைப் போட்டு, கோட்டாலும் திருப்பத்தாலும் இணை. இரண்டு வளைவில் தொடங்கினால் அடுத்த சுற்றில் 8, பிறகு 32, பிறகு 128. ஐந்தாவது சுற்றில் 2048! நம் சம்பளத்துக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற தாவரவியல் அறிஞர் 1968-ல் பாசி போன்ற எளிய உயிர்கள் எப்படி வளர்கின்றன என்று விளக்கக் கண்டுபிடித்த முறையும் இதே சாயல்தான். பாசி வளர்வதும் கோலம் வளர்வதும் கணக்குக்கு ஒரே ஜாதி. கிஃப்ட் சிரோமணி 1988-ல் காலமானார். 2002-ல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் கோலத்தைப் பற்றி எழுதியபோது, தாம்பரத்து ஆராய்ச்சி உலகத்தையே சுற்றி வந்திருந்தது.

கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் ஓவியம்

கம்ப்யூட்டர் போட்ட படங்களை ஓவியம் என்று சொல்லிக் கண்காட்சி வைத்தது 1965-ல். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் கியோர்க் நீஸ் வைத்தார். அதே வருஷம் நியூயார்க்கில் மைக்கேல் நோலும் பேலா யூலெஸும் வைத்தார்கள். 'மெஷின் போட்டதெல்லாம் கலையா?' என்ற கேள்வி அன்று கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. அம்மா ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்டதும் அதேதான்!

இவர்களில் எனக்குப் பிடித்தவர் வேரா மோல்னார். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலத்தில், 1959 முதல், ஒரு 'கற்பனை இயந்திரம்' வைத்துக்கொண்டார். அதாவது விதிகளைத் தானே எழுதிக்கொண்டு, தானே மெஷின் மாதிரி அதன்படி கையால் வரைவார். 1968-ல்தான் நிஜ கம்ப்யூட்டர் கிடைத்தது. 2023-ல், 99 வயதில் மறையும் வரை விதிகளை விடவில்லை. அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் தெருவுக்கு நாற்பது கற்பனை இயந்திரங்கள் இருந்தனவே, ஒருத்தர் பேரையாவது யாராவது எழுதி வைத்தோமா?

கேரம் போர்டு ரகசியம்

இனி என் புரோகிராம் கதை. பைதானில் 'ஆமை' என்று ஒரு வசதி இருக்கிறது. குழந்தைகளுக்காக 1967-ல் சேமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் உருவாக்கிய லோகோ மொழியிலிருந்து வந்த சமாசாரம். "முன்னால் போ, திரும்பு" என்று சொல்லச் சொல்ல ஆமை திரையில் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

சிக்குக் கோலத்துக்கு அம்மா சொன்ன சட்டம் நாலு. புள்ளியைத் தொடக் கூடாது. ஒரு புள்ளியையும் விடக் கூடாது. கோட்டைத் தாண்டலாம், கோட்டு மேலேயே போகக் கூடாது. ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

இதை கேரம் போர்டு மாதிரி நினைத்துக்கொண்டேன். கோடு புள்ளிகளுக்கு நடுவே குறுக்காகப் போகிறது. ஓரத்தில் மோதினால் காயின் மாதிரி திரும்புகிறது. எழுதி ஓட விட்டேன். ஓரத்தைச் சோதிக்கும் வரியில் ஒரே ஒரு குறி தப்பு. ஆமை திரும்பவில்லை. திரையைத் தாண்டி, வல்லம் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில் போய்விட்டது.

திருத்தி எழுதி, நாலுக்கு ஆறு புள்ளியில் விட்டேன். ஆமை ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கு வந்துவிட்டது. பார்த்தால் பாதிப் புள்ளிக்கு ஒரு பக்கம் கோடே இல்லை! ராத்திரி பதினொன்றரை வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அம்மா கொட்டாவி விட்டபடி எட்டிப் பார்த்தாள்.

"நாலுக்கு ஆறா? அது ரெண்டு இழைடா. ஒரு இழையில வராது. அஞ்சுக்கு ஏழு வை, ஒரே இழையா ஓடும்."

"எப்படிம்மா சொல்றே?"

"ரெண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால பங்கு போட முடிஞ்சா அத்தனை இழை. முடியலைன்னா ஒரே இழை. இதுக்கெல்லாம் காலேஜா போவாங்க?"

மீ.பொ.வ. ஸார், மீ.பொ.வ.! பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றோமே, அதே மீப்பெரு பொது வகுத்தி. நாலுக்கும் ஆறுக்கும் 2, ஆகவே இரண்டு இழை. மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை. ஐந்துக்கும் ஏழுக்கும் 1, ஆகவே ஒரே இழை. மீ.பொ.வ. காண யூக்ளிட் சொன்ன வழி இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழசு. அல்காரிதங்களில் மூத்தது என்று அதைத்தான் காட்டுவார்கள். யூக்ளிட் பெயரையே கேட்டிராத அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே விடையைச் சொல்லிவிட்டாள். வேண்டுமானால் ஆபீஸ் நோட்பேடில் இரண்டுக்கு மூன்று புள்ளி வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மேனேஜர் பார்க்காத நேரமாக இருக்கட்டும்.

கை மறந்தது

அடுத்த வாரம் ஆமை அழகாகப் போட்டது. பெருமையாகத் திரையைக் காட்டினேன். அம்மா பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சும்மா தறியில நெய்த பாய் மாதிரி இருக்குடா. எங்க அம்மா போடுவா ஒண்ணு. நடுவுல நாலு இடத்துல தாண்டாம திரும்பிடும். தாமரை மாதிரி விரியும்."

"போட்டுக் காட்டும்மா" என்று பேப்பரும் பென்சிலும் கொடுத்தேன். இரண்டு வளைவு போட்டாள். நின்றாள். அழித்தாள். மறுபடி போட்டாள். நோட்டுப் புத்தகத்திலும் அந்தக் கோலம் இல்லை. "உக்காந்து போட்டாத்தான்டா வரும். மாவு விழற வேகத்துல கை தானா போகும்" என்றாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சிட்ட கோலம் ஆயிரம் கிடைக்கும், செல்போனில் லட்சம் கிடைக்கும். பாட்டியின் விதி அம்மாவின் கையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கையோ தரைக்கு எட்டவில்லை. விதி என்பது ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிர். ஓட்ட ஆளில்லாவிட்டால் பூட்டின வீடுதான்.

மறுநாள் விடியற்காலை டைல்ஸைத் துடைத்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். மாவுக் கிண்ணத்தோடு நான் கீழே குந்தினேன்.

"நீ சொல்லும்மா. நான்தான் ஆமை."

சிரித்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். "ஏழு புள்ளி... நேராப் போ... தாண்டு... தாண்டு... இங்க தாண்டாதே, திரும்பு... மெதுவாடா, மாவைக் கொட்டாதே!" நான் போட்டது முதலில் பல்லி ஓடின மாதிரி இருந்தது. மூன்று தரம் அழித்தோம். நாலாவது தரம் பாதியில், அம்மாவின் வலது கை தானாகவே காற்றில் வளைய ஆரம்பித்தது. வாய் சொல்வதற்குள் கை சொல்லியது. நான் கையைப் பார்த்தே போட்டேன். கோடு சுற்றி வந்து, கிளம்பிய புள்ளியில் மூடிக்கொண்டது. நடுவில் தாமரை!

"மூணாவது புள்ளிகிட்ட கொஞ்சம் கோணல்" என்றாள் அம்மா. "பரவால்ல, எறும்புக்குத் தெரியாது."

எனக்கு முழங்கால் விண்விண் என்று வலித்தது. அப்போதே அந்த நாலு திருப்பங்களையும் குறித்துக்கொண்டு புரோகிராமில் சேர்த்துவிட்டேன். தை பிறப்பதற்குள் இன்னும் ஆறு கோலம் பிடித்தோம். எதுவும் நோட்டுப் புத்தகத்தில் இல்லாதது.

அமெரிக்காவில் சால் லெவிட் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1968 முதல் சுவரோவியங்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதித் தருவார், வரைவது வேறு ஆட்கள். 2007-ல் அவர் காலமான பிறகும் அந்தக் குறிப்புகளைப் பார்த்து வரைகிறார்கள். ஓவியம் யாருடையது? லெவிட்டுடையதுதான் என்கிறது உலகம்.

எங்கள் ஃப்ளாட்டில் லெவிட்டைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அன்று காலை எதிர் ஃப்ளாட் அக்கா கதவைத் திறந்தார். கீழே கோலம். பக்கத்தில், முழங்கை வரை மாவோடு நான். நாற்காலியில் அம்மா.

"அடேயப்பா! இது யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"நான்தான்."