அறிவிப்போடு நின்றுபோகும் ஹெவிவெயிட் சண்டைகள்: யார் காரணம்?

‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்த பிறகு குத்துச்சண்டைப் பேச்சு வடசென்னையைத் தாண்டி விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் உலக ஹெவிவெயிட் சண்டைகளைத் தேடிப் பார்க்கும் ரசிகர்களுக்குள் ஓயாத சச்சரவு ஒன்று உண்டு. டைசன் ஃபியூரியும் ஆந்தனி ஜோஷுவாவும் உச்சத்தில் இருந்தபோது ஏன் மோதவில்லை? ஃபியூரி பயந்துவிட்டார் என்பார் ஒருவர். ஜோஷுவாதான் நழுவினார் என்பார் இன்னொருவர். இரண்டுமே அந்த வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நடந்தது இதுதான். நான்கு அமைப்புகள் தரும் உலகப் பட்டங்களில் ஃபியூரியிடம் டபிள்யூ.பி.சி. பெல்ட், ஜோஷுவாவிடம் டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என மற்ற மூன்றும். 2021 ஆகஸ்ட் 14 அன்று சவூதி அரேபியாவில் மோதுகிறோம் என்று மே மாதம் ஃபியூரியே அறிவித்தார். மறுநாளே அமெரிக்காவிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. டியான்டே வைல்டரோடு போட்ட பழைய ஒப்பந்தப்படி, ஃபியூரி அவரோடு மூன்றாவது முறை மோதியாக வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. ஜோஷுவா அந்த இடைவெளியில் ஒலெக்சாண்டர் உசிக்கோடு மோதி, செப்டம்பர் 25 அன்று மூன்று பெல்ட்டுகளையும் இழந்தார். இரண்டு வாரம் கழித்து ஃபியூரி வைல்டரை வீழ்த்தினார். ஆனால் நான்கு பெல்ட்டுக்குமான அந்தச் சண்டை அதற்குள் கைநழுவிவிட்டது.

சூளைக்குப் போகாத பொம்மை பார்வைக்கு முழுதாகத்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதை பொம்மை சுடும் விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணி அடிக்கும்வரை குத்துச்சண்டை அறிவிப்பும் அப்படித்தான்.

சிக்கலின் வேர், உலகப் பட்டத்துக்கு ஒரே அமைப்பு இல்லாததுதான். நான்கு அமைப்புகள் தனித்தனியே சாம்பியனை அறிவிக்கின்றன. பட்டச் சண்டைக்குக் கட்டணமும் வாங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் தரவரிசையிலிருந்து ஒருவரைக் ‘கட்டாயப் போட்டியாளர்’ என்று நிறுத்தும். குறித்த காலத்துக்குள் அவரோடு மோதாவிட்டால் பெல்ட் பறிபோகும். 2018இல் ஜோஷுவா–வைல்டர் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தபோது, டபிள்யூ.பி.ஏ. அலெக்சாண்டர் பொவெட்கினைக் காட்டி நெருக்கியது. ஜோஷுவா அவரோடுதான் மோதினார்.

இதன் மேல் பணம். ஒவ்வொரு வீரருக்கும் தனி புரமோட்டர், தனி ஒளிபரப்பு நிறுவனம். வருமானத்தை எப்படிப் பங்கு போடுவது, தோற்றவருக்கு மறுசண்டை உரிமை உண்டா என்று வக்கீல்கள் வரிக்கு வரி இழுப்பார்கள். 2023இல் உசிக், 70க்கு 30 என்ற பங்கில் தனக்குக் குறைந்த 30ஐ ஏற்கவே சம்மதித்தார். அப்படியும் ஏப்ரல் 29 அன்று வெம்ப்ளியில் நடக்க இருந்த ஃபியூரி–உசிக் சண்டை, மறுசண்டை நிபந்தனைகளில் முட்டி நின்றுபோனது. பேராசை எப்போதும் வீரரிடம்தான் இருக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் சவூதிப் பணம் எல்லாரையும் ஒரு மேடைக்குக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் நடக்க வேண்டிய ஃபியூரி–உசிக் சண்டை, பயிற்சியில் ஃபியூரியின் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டதால் தள்ளிப்போய், மே 18 அன்று ரியாத்தில் நடந்தது. உசிக் வென்றார். லெனாக்ஸ் லூயிஸ் 1999இல் பட்டங்களை ஒன்றுசேர்த்த பிறகு ஹெவிவெயிட்டில் மறுப்பில்லாத சாம்பியன் ஒருவர் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒன்றரை மாதம்கூட நிலைக்கவில்லை. ஐ.பி.எஃப். தன் கட்டாயப் போட்டியாளரை முன்னிறுத்த, உசிக் அந்த பெல்ட்டை விட்டுக்கொடுத்தார்.

பட்டம் இல்லாத சண்டைக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, பழைய நண்பரும் முன்னாள் டபிள்யூ.பி.ஏ. சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். இழக்க யாருக்கும் எதுவும் இல்லை, சண்டை நடந்தது.

ஒரே அமைப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு முன் மேரி கோமோடு தேர்வுப் போட்டி வேண்டும் என்று 2019 அக்டோபரில் வீராங்கனை நிகத் ஜரீன் விளையாட்டு அமைச்சருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். முதலில் தயங்கிய இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு பிறகு இறங்கி வந்தது. டிசம்பர் 28 அன்று இருவரும் டெல்லியில் மோதினார்கள். நிகத் 9–1 என்று தோற்றார். ஆனாலும் அவர் கேட்ட நியாயம் கிடைத்தது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படிக் கடிதம் எழுத ஒரு முகவரி கிடையாது.

அதனால் அடுத்த முறை ஒரு பெரிய சண்டை நின்றுபோனால் வீரரைக் கோழை என்று ஏசிவிடாதீர்கள். எந்த அமைப்பு யாரைக் கட்டாயப் போட்டியாளராக நிறுத்தியிருக்கிறது, மறுசண்டை உரிமை யார் கையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.