சிசேரியன்: காரணம் கேட்பது கர்ப்பிணியின் உரிமை

காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் அக்கரையிலேயே நின்றுவிட, ரத்னாவதிக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயில் தலபுராணம். உதவி நேரத்துக்கு வராத அந்தச் சிக்கல் இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் அவற்றில் எடுக்கப்படும் முடிவுகள் யோசிக்க வைக்கின்றன. அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. தேவைப்படும் பெண்ணுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சிக்கலான பிரசவங்கள் தனியாருக்குப் போவதால்தான் இந்த வேறுபாடு என்பதும் பொருந்தவில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் பலர் கடைசியில் திருச்சி புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள்.

மகப்பேறு மருத்துவர் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு மூன்றாண்டு மேற்படிப்பில் கற்பது கத்தி பிடிக்க மட்டுமல்ல. வலியின் போக்கையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் கவனித்து, எதுவரை காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்று தீர்மானிப்பதே அந்தப் படிப்பின் சாரம். ஆகவே ‘ஏன் ஆபரேஷன்?’ என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. நட்சத்திரம் பார்த்து நாள் குறிக்கும்போது, 39 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம் என்பதையும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சம்மதம் கணவருடையதோ மாமியாருடையதோ அல்ல. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அவருடைய தாயின் சம்மதத்தோடு அகற்றிய வழக்கில் (சமீரா கோலி, 2008), முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அவசரத்தில் விளக்க ஏது நேரம் என்பார்கள். உயிரைக் காக்கத் தாமதிக்க முடியாத நிலைக்கு அந்தத் தீர்ப்பே விலக்கு தருகிறது. ஆனால் எல்லா ஆபரேஷனும் அவசரமல்ல. ஏழு, எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே எந்தச் சூழலில் சிசேரியன் தேவைப்படும் என்று பேசிவைத்தால், வலி எடுத்த நேரத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட நேராது.

குறை இருந்தால் முதலில் மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அரசு மருத்துவமனையில் சிசேரியனும் இலவசம். யாராவது பணம் கேட்டால் 104-இல் புகார் சொல்லலாம். விளைவு மோசமானது என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அதனால்தான் காரணம் ஆவணத்தில் பதிவாவது தாய்க்கும் பாதுகாப்பு, நேர்மையான மருத்துவருக்கும் பாதுகாப்பு.