வளையாத சட்டகம்

வீட்டிலேயே சின்னதொரு மில்லிங் மெசினோ ரவுட்டரோ செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் காசை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் சட்டகத்தைக் கட்டுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கத்தி அதிர்ந்து வெட்டு முகத்தில் அலையலையாகக் கோடு விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்த மோட்டாராலும் அதை அழிக்க முடியாது.

கொழும்பு ஆமர் வீதி இரும்புக் கடையில் போய் "உறுதியான இரும்பு தாங்கோ" என்று கேட்பதில் பயனில்லை. உடையாமல் இருப்பது வேறு, வளையாமல் இருப்பது வேறு. விலை கூடிய உயர்தர உருக்கும் சாதாரண மைல்ட் ஸ்டீலும் ஒரே பாரத்துக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் மீள்மைக் குணகம் இரண்டுக்கும் 200 கிகாபாஸ்கல் அளவில் நிற்கிறது. வார்ப்பிரும்புக்கு அது 100 முதல் 120 வரை, அலுமினியத்துக்கு 70, கொங்கிறீற்றுக்கு ஏறக்குறைய 30.

ஆகவே காசைத் தரத்தில் போடாமல் வடிவத்தில் போடுங்கள். 50 மில்லிமீற்றர் சதுரமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பொக்ஸ் பார் ஒன்றை 600 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி, நடுவில் 10 கிலோ பாரம் வைத்தால் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தாழும். அதே தடிப்பில் 100 மில்லிமீற்றர் சதுரத்தை எடுங்கள். நிறை இரட்டிப்பாகும், விறைப்போ எட்டு மடங்குக்கும் மேலே போகும். இரும்புக் கடையில் இதைவிட இலாபமான பேரம் இல்லை.

அடுத்தது அதிர்வு. வெறும் பொக்ஸ் பாரைச் சுத்தியலால் தட்டினால் கோவில் மணிபோல நீண்டு ஒலிக்கும். வார்ப்பிரும்பு அப்படி ஒலிக்காது. அதனுள் செதில் செதிலாகக் கிடக்கும் காரீயம் அதிர்வை விழுங்கிவிடும். தொழிற்சாலைகள் காலங்காலமாக அதை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் இரும்பு வார்க்க முடியாது, ஆனால் பொக்ஸ் பாருக்குள் கொங்கிறீற்றை நிரப்பலாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில், எறிகணைகளைக் கடைவதற்கான பெரிய லேத்துகளின் உடலையே அமெரிக்கப் பொறியியலாளர் லூசியன் யோமன்ஸ் கொங்கிறீற்றால் செய்தார். 1970களில் சுவிற்சர்லாந்தின் ஸ்ரூடர் நிறுவனம் கல்லையும் பிசினையும் சேர்த்து வார்க்கும் கிரானிற்றன் என்ற கலவையைக் கொண்டுவந்தது.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் உடனே கடல். அந்தக் கடல் மணலை அள்ளிக் கொங்கிறீற்றுக் கலவையில் போடவே கூடாது. சீமெந்தின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கும். உப்பு அந்தக் காவலை உடைத்துவிடும். கழுவிய ஆற்று மணலும் கருங்கல் சல்லியும் போதும். அலுமினியக் குழாய்க்குள் கொங்கிறீற்று ஊற்றாதீர்கள்; ஈரச் சீமெந்து அதை அரிக்கும். சட்டகத்துக்கு எம்டிஎவ் பலகையும் வேண்டாம்; அது கொழும்பின் ஈரக் காற்றில் ஊதிப் பருக்கும்.

வெப்பமும் கணக்கில் வரவேண்டும். உருக்கும் கொங்கிறீற்றும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும். அலுமினியம் இரட்டிப்பாக விரியும். கொட்டாஞ்சேனையில் தகரக் கூரையின் கீழ் வெப்பம் 10 பாகை ஏறினால், ஒரு மீற்றர் அலுமினியச் சட்டகத்துக்கும் அதன்மேல் பூட்டிய உருக்குத் தண்டவாளத்துக்கும் இடையே மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரும்.

வெல்டிங் சூட்டில் சட்டகம் கோணும், கொங்கிறீற்று காய்கையில் சுருங்கும். ஆகையால் முதலில் வெல்டிங், பிறகு நிரப்பல், பிறகு நாலு கிழமைப் பொறுமை. அதற்குப் பிறகே தண்டவாளம் இருக்கும் முகத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும்.