கோட்டையின் பெயர் தாங்கிய எலி

ஔந்த், புனே:

எலியைக் கண்டால் நமக்கு இரண்டே யோசனைதான். வீட்டில் என்றால் பொறி. வயலில் என்றால் மருந்து. எலியிலும் அருமையான இனம் உண்டு, அழிந்தால் திரும்பக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். ஆனால் அப்படிப்பட்ட ஓர் எலி இருக்கும் இடம் நமக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு பஸ் ஏறிப் போய், பிட்லா பாக்ரியும் சட்டித் தயிரும் சாப்பிட்டுவிட்டு வருகிறோமே, அந்தச் சிங்ககட் கோட்டை மலைதான் அது.

புனேக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சிங்ககட். அதன் பழைய பெயர் கோண்டாணா. 1670-ம் ஆண்டு பிப்ரவரியில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இந்தக் கோட்டையைப் பிடித்து, அந்தப் போரிலேயே உயிர் நீத்தார். அந்தச் சிங்கத்தின் நினைவாகவே சிங்ககட் என்ற பெயர் வந்தது என்பது இங்குள்ள வழக்கு. பழைய பெயர் மக்கள் வாயில் குறைந்து போயிற்று. ஆனால் 1975-ல் ஓர் எலி அந்தப் பெயரை உலக விஞ்ஞான ஏடுகளில் ஏற்றிவிட்டது.

அந்த ஆண்டு மிஸ்ரா, தண்டா என்ற இரு விஞ்ஞானிகள், 'ஜர்னல் ஆஃப் மம்மாலஜி' என்ற அமெரிக்க ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிங்ககட் மலைமேல் வாழும் ஓர் எலி, அதுவரை எவரும் பிரித்தறியாத புதிய இனம் என்று அதில் விளக்கி, 'மில்லார்டியா கோண்டாணா' என்று பெயரிட்டார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராக இருந்த மில்லார்டின் பெயரால், 1911-லேயே இந்த எலிக் குடும்பத்துக்கு மில்லார்டியா என்ற பெயர் வந்திருந்தது. மெத்தென்ற மயிர் இந்தக் குடும்பத்தின் அடையாளம். நம் ஊர் நெல் வயல்களில் 'புல்லெலி' என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். கோண்டாணா எலி அதைவிடப் பருமனானது. வளை தோண்டி வாழ்வது, இரவில் நடமாடுவது. பகலில் வந்து மாலையில் திரும்பும் நம் கண்ணில் அது படாததில் வியப்பில்லை.

எலியைப் பார்த்ததும் இது புது இனம் என்று சொல்லிவிட முடியாது. மண்டை ஓட்டை அளக்க வேண்டும். கடைவாய்ப் பற்களைப் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் எத்தனை மெத்தைகள், பெண் எலிக்கு எத்தனை காம்புகள் என்று எண்ண வேண்டும். பாடம் செய்து வைத்துள்ள பழைய எலிகளோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகே பெயர்.

இதைச் செய்தவர்கள் எங்கே பணியாற்றினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இருவரும் புனேயிலுள்ள வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். 1952-ல் தொடங்கிய அந்த நிலையம் 1978 முதல் தேசிய வைராலஜி நிறுவனம் என்று வழங்குகிறது. நம் ஔந்துக்கு அடுத்த பாஷாணிலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. வைரஸ் ஆராய்ச்சிக்கு எலி எதற்கு என்று கேட்கலாம். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. அந்த நோயை உண்ணிகள் பரப்புவது தெரிந்தது. உண்ணியும் தெள்ளும் எலி போன்ற சிறு பிராணிகளின் உடம்பில்தான் ஒட்டி வாழ்கின்றன. எந்த எலி என்று சரியாகத் தெரியாமல் எந்த நோயையும் தொடர்ந்து போக முடியாது.

பெயர் வந்தபோதே கவலையும் வந்தது. ராஜஸ்தான் மணலில் பகலிலேயே ஓடித் திரியும் பாலைவன வெள்ளெலியை, மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் 1867-ல் விவரித்தார். அதற்குத் தார் பாலைவனம் முழுவதும் வீடு. எல்லை தாண்டிப் பாகிஸ்தானிலும் ஈரானிலும் உண்டு. கோண்டாணா எலி நெடுங்காலம் அறியப்பட்டதோ இந்த ஒரே மலையுச்சியில். சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில். அற்றுப்போகும் விளிம்பில் உள்ள பிராணிகளின் சர்வதேசப் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. மேய்ச்சலால் புல்லும் புதரும் அழிவதும், சுற்றுலாக் கூட்டமுமே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

நம் மாநிலத்திலும் இப்படி ஒன்று உண்டு. சேலத்தை அடுத்த குரும்பப்பட்டியில் கிடைத்த பாறை எலி ஒன்றுக்கு 1940-களில் எல்லர்மன் என்ற ஆங்கிலேயர் எல்விரா என்று பெயரிட்டார். அதுவும் அதே ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. சேலத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், எலிகளைப் பொதுவாகத் தீங்கு செய்யும் பிராணிகளின் அட்டவணையில் வைத்திருந்தது. வீட்டு எலி வேறு, மலை எலி வேறு என்று அந்த வரி பார்க்கவில்லை. 2022-ல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. சீட்டு இல்லாத பார்சல் ஊர் போய்ச் சேராது. பெயரில்லாத பிராணிக்காக வாதாடவும் ஆளிருக்காது. கோண்டாணா எலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனி அதற்கு வேண்டியது இடம்.

அதில் நம் பங்கும் உண்டு. கட்கி, தாபோடி, ஔந்த் பக்கத்திலிருந்து சிங்ககட் போகும் நம்மவர் தொகை கொஞ்சமல்ல. மிச்சச் சோற்றையும் பிளாஸ்டிக் பையையும் அங்கே விட்டு வந்தால், அது ஊர் எலியையும் தெருநாயையும் மலைமேல் வரவழைக்கும். நடைபாதையை விட்டுப் புதருக்குள் இறங்காமல், கொண்டு போன பையை நிரப்பியே திருப்பிக் கொண்டுவருவது பெரிய சிரமமில்லை. நாம் இறங்கி வந்த பிறகுதான் அந்த மலையில் கோண்டாணா எலிக்குப் பொழுது விடிகிறது.