கப்பலில் எந்த அறை குறைவாக ஆடும்?

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து அரை மணி நேரத்தில் கோவளம் கடற்கரை. அதே கடலில் சொகுசுக் கப்பல் ஏறிப் போக வேண்டுமென்றால் மட்டும் ரயில் பிடித்து, 200 கி.மீ. தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்ட பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகம் கன்டெய்னர்களுக்கானது. அறுபது முடிந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் காலம் இது. டிராவல் ஏஜென்டிடம் முதலில் வரும் கேள்வி: "அம்மாவுக்குத் தலை சுத்தும். தண்ணிக்குப் பக்கத்துல, கீழ் டெக்குல பால்கனி ரூம் எடுத்தா ஆட்டம் கம்மியா இருக்குமா?"

பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

கப்பல் பலவிதமாக அசையும். பயணியைப் படுத்துபவை முக்கியமாக மூன்று: இடம் வலமாகச் சாய்வது, மூக்கும் வாலும் மாறிமாறித் தூக்கி இறங்குவது, மொத்தக் கப்பலும் எழும்பித் தாழ்வது. இவற்றில் அறையின் உயரம் பெரிதாகக் கணக்கில் வருவது முதலாவதற்கு மட்டும்தான். நீர்மட்டத்தை ஒட்டிய ஓர் அச்சில் கப்பல் 3 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். அச்சிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருப்பவர் பக்கவாட்டில் சுமார் 1.3 மீட்டர் நகர்வார். 5 மீட்டர் உயரத்தில் இருப்பவர் 26 செ.மீ. மட்டுமே. இந்த அளவில் கீழ்த்தளம் நல்லதுதான். ஆனால் இந்தச் சாய்வை அடக்கத்தான் பெரும்பாலான பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் துடுப்புகள் வைத்திருக்கிறார்கள். கப்பல் வேகமாக ஓடும்போது அவை விமான இறக்கைபோல் நீரைத் தள்ளிச் சாய்வைக் குறைத்துவிடும்.

மூக்கு தூக்குவதை இந்தத் துடுப்புகளால் தடுக்க முடியாது. கொச்சி, சென்னை வழியாகவெல்லாம் ஓடியிருக்கும் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். 1990-இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் உருவான இதன் நீளம் 211 மீட்டர். முன்னும் பின்னும் 2 டிகிரி ஆடினால், நடுவிலிருந்து 80 மீட்டர் தள்ளி மூக்குப் பக்கம் படுத்திருப்பவர் 2.8 மீட்டர் ஏறி, அதே அளவு இறங்குவார். நடுவிலிருந்து 10 மீட்டரில் இருப்பவருக்கு அது வெறும் 35 செ.மீ. இரண்டாம் தளமானாலும் எட்டாம் தளமானாலும் இந்தக் கணக்கு மாறாது. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாலராமபுரம் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குமட்டலைக் கிளப்புவதும் இந்த மேல்கீழ் ஆட்டமே. உட்காதில் புவியீர்ப்பையும் அசைவையும் உணரும் உறுப்புகள் 'ஆடுகிறோம்' என்கின்றன. அறையின் அசையாத சுவரைப் பார்க்கும் கண் 'இல்லை' என்கிறது. அமெரிக்காவில் ஓஹான்லனும் மெக்காலியும் மேலும் கீழும் ஆடும் அறைக்குள் ஆட்களை அமர்த்திச் சோதித்து, 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 5 அல்லது 6 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் வயிற்றை அதிகம் கலக்குகிறது. அதைவிட மெதுவான ஆட்டத்தையும் வேகமான ஆட்டத்தையும் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

இனி நம் கடலுக்கு வருவோம். ஆழ்கடலில் அலையின் நீளம் அதன் கால இடைவெளியைப் பொறுத்தது. 15 விநாடி இடைவெளியில் வரும் அலை 350 மீட்டர் நீளம். தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல்களில் கிளம்பி, கேரளக் கரையில் திடீரென்று வீடுகளுக்குள் புகும் கள்ளக்கடல் இந்த வகை நெடும் அலைகளால் வருவது. கரையை அலைக்கழிக்கும் அதன்மீது ஆழ்கடலில் பெரிய கப்பல் மெல்ல ஏறி இறங்கிவிடும். அலை 100 மீட்டர் நீளமென்றால் 211 மீட்டர் கப்பலின் அடியில் ஒரே நேரத்தில் இரண்டு அலைகள் அடங்கும். ஒன்றின் தூக்கலை மற்றது பெருமளவு ஈடுகட்டும். அலையும் கப்பலும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு செல்லும் அரசுக் கப்பல் 'எம்.வி. கவரத்தி'யின் நீளம் சுமார் 120 மீட்டர். 9 விநாடி இடைவெளி கொண்ட அலையின் நீளம் 126 மீட்டர். அந்த அலையை எதிர்த்து 15 நாட் வேகத்தில் போனால், கப்பலுக்கு அது 6 விநாடிக்கு ஒருமுறை வந்து மோதும். அதாவது வயிறு கலங்கும் தாளத்திலேயே. மழைக்காலத்தில் லட்சத்தீவுப் பயணம் பலரைப் பாயோடு பாயாகப் படுக்க வைப்பதற்கு அலையின் உயரம் மட்டும் காரணமல்ல. அந்தக் கப்பலில் பால்கனி கிடையாது. ஆனாலும் நடுப்பகுதி பங்க் கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, தண்ணீருக்கு அருகிலான பால்கனியால் என்ன லாபம்? நுரை, இரைச்சல், பறக்கும் மீன்கள் எல்லாம் கிட்டத்தில். ஆனால் பால்கனியை நினைத்த அளவுக்குத் தாழ்வாக வைக்க முடியாது. உயிர்காப்புப் படகுகள் கூடியவரை நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் போகாமலிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி; அதனால் பல கப்பல்களில் படகு வரிசைக்கு மேலேதான் பால்கனிகளே தொடங்கும். விலக்கு வாங்கியது, 2004-இல் ஓடத் தொடங்கிய 'குயீன் மேரி 2'. வட அட்லாண்டிக் அலைகளுக்காக வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெயின் படகுகளைச் சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். கீழே கிடைத்த இடத்தில், கப்பலின் எஃகு உடலிலேயே சதுரத் துளை வெட்டிப் பால்கனிகள். காற்றும் நீர்த்தெறிப்பும் அதிகம் உள்ளே வராது. ஆனால் கைப்பிடிக் கண்ணாடிக்குப் பதில் கனத்த எஃகுச் சுவர். நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிவது வானம், கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும்.

தலைசுற்றல் உள்ளவருக்கு இது சின்ன விஷயமல்ல. அடிவானம் கண்ணில் பட்டால்தான் காதும் கண்ணும் சமாதானமாகும். கண் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 11 கி.மீ. தள்ளி, 30 மீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 20 கி.மீ. தள்ளி. எவ்வளவு தூரத்தில் என்பது முக்கியமில்லை. உட்கார்ந்தபடியே தெரிகிறதா என்பதுதான் முக்கியம்.

ஆகவே டிக்கெட் எடுக்குமுன் கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். முதலில் நீளவாக்கில் நடுப்பகுதி. அதற்குள் முடிந்தவரை தாழ்ந்த தளம். பிறகு, பால்கனிக்கு முன்னால் படகு தொங்குகிறதா, தடுப்பு கண்ணாடியா எஃகா என்று பாருங்கள். விலை குறைவு என்று அறையை நிறுவனமே ஒதுக்கும் 'கியாரண்டி' டிக்கெட்டை எடுத்தால், தளமும் நடுவும் அவர்கள் முடிவு. தலை சுற்றாதவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், அம்மாவுக்கு வேண்டாம்.