ஏவுகணையும் ஏவுகலமும்: இந்திய ஏவூர்தி வளர்ச்சியின் மாறுபட்ட திசை

ஆய்வுச் சுருக்கம்

ஏவுகணையிலிருந்தே விண்வெளி ஏவுகலம் தோன்றியது என்பது பொதுவாக நிலவும் கருத்து. சோவியத் ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும் இக்கருத்து இந்தியாவுக்கு அவ்வாறே பொருந்துவதில்லை என்பதையும், அவ்வேறுபாட்டின் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏவுகணை, ஏவுகலம், எஸ்.எல்.வி-3, அக்னி, கிரையோஜெனிக் எந்திரம், மகேந்திரகிரி.

முன்னுரை

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை மைசூர்ப் படை வென்றது. அப்போரில் மைசூர்ப் படை இரும்புக்குழாய் ஏவூர்திகளைப் பயன்படுத்தியது. பின்னர் இங்கிலாந்தில் உருவான காங்கிரீவ் ஏவூர்திகளுக்கு மைசூர் ஏவூர்திகளே தூண்டுதலாயின. ஏவூர்தி போர்க்கருவியாகவே வளர்ந்தது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு.

ஏவுகணையிலிருந்து ஏவுகலம்

ஏவுகணை தன் சுமையை மீண்டும் புவியில் விழச் செய்வது. ஏவுகலம் அதை விழாமல் சுற்றச் செய்வது. தாழ்வட்டப் பாதையில் நிலைபெற நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகம் வேண்டும். ஜெர்மனியின் வி-2 ஏவுகணை எட்டியது ஏறத்தாழ 1.6 கி.மீ. மட்டுமே. கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தை எட்டியபோது இடைவெளி சுருங்கியது. சோவியத்தின் ஆர்-7 ஏவுகணையே 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக்கைச் சுமந்தது. திரவ ஆக்சிஜனை நிரப்பிய பின்னரே அதை ஏவ முடியும் என்பதால் அது உடனடிப் போர்ப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக அமையவில்லை, ஏவுகலமாக நிலைத்தது. அமெரிக்காவின் ரெட்ஸ்டோன் ஏவுகணையும் இவ்வாறே எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளை ஏவிய கலத்துக்கு அடிப்படையாயிற்று.

ஏவுகலத்திலிருந்து ஏவுகணை

இந்தியாவில் திசை மாறியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி, அமெரிக்க ஏவுகணை வழிவந்த ஆய்வு ஏவூர்தி. எனினும் 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி-3, குடிமைத் திட்டத்தில் உருவான கலம். அதன் திண்ம எரிபொருள் முதலடுக்கே 1989 மே 22 அன்று சோதிக்கப்பட்ட அக்னியின் முதலடுக்காயிற்று. எஸ்.எல்.வி-3 திட்டத்தை வழிநடத்திய ஆ.ப.ஜெ. அப்துல் கலாமே ஏவுகணைத் திட்டத்தையும் வழிநடத்தினார்.

தடையும் விளைவும்

இம்மாற்றம் பிற நாடுகளின் ஐயத்துக்கு இடமளித்தது. 1987இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் காட்டி, இந்தியா ரஷ்யாவிடம் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் பெறுவதை அமெரிக்கா எதிர்த்தது. 1992இல் தடையும் விதித்தது. ரஷ்யா எந்திரங்களை வழங்கியது, தொழில்நுட்பத்தை வழங்கவில்லை. ஆனால் −253 பாகை செல்சியசில் வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனை ஏவுகணையில் நிரப்பி ஆயத்தமாக வைத்திருத்தல் நடைமுறைக்கு ஒவ்வாதது. திண்ம எரிபொருளுக்குப் பொருந்தும் ஐயம் இங்குப் பொருந்தாது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட உள்நாட்டுக் கிரையோஜெனிக் எந்திரம் 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி5இல் வெற்றி கண்டது.

முடிவுரை

ஏவுகணையையும் ஏவுகலத்தையும் வேறுபடுத்துவது தோற்றமோ மரபோ அன்று. எரிபொருள், ஆயத்தநிலை, பாதை ஆகியனவே. இரண்டையும் 'ராக்கெட்' என்ற ஒரே சொல்லால் சுட்டும் வழக்கு இவ்வேறுபாட்டை மறைக்கிறது. தமிழ் அறிவியல் எழுத்தில் 'ஏவுகணை', 'ஏவுகலம்' ஆகியவற்றை வரையறுத்து வழங்குதல் இன்றியமையாதது.